தேவாலாவும் பந்தலூரும்: தங்கம் தேடிய ஊர்களுக்கு ஒரு நாள் பயணம்

(தோட்ட சேமநல உத்தியோகத்தர் ஒருவர் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் மதுரை, பழனி, வேளாங்கண்ணி என்று சொல்லுவார்கள். நாங்களும் அங்கெல்லாம் போனோம். அந்தக் கதைகள் உங்களுக்குத் தெரிந்தவை. அதனால் இன்றைக்கு வேறு ரெண்டு ஊரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். ஒன்று தேவாலா, மற்றது பந்தலூர். பேரைக் கேட்டவுடனே நம்ம பெரியவங்க சிலர் தலையாட்டுவது தெரிகிறது. அங்கே உங்கள் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். ஆனால் ஒரு காலத்தில் இலண்டன் பட்டணமே இந்த ரெண்டு ஊரின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பணத்தைக் கொட்டியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கும் போகும் வரைக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த ஊர்கள் நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், கேரள எல்லையை ஒட்டி இருக்கின்றன. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறக்கம். சுமார் 50 கிலோமீற்றர், வளைவுக்கு மேல் வளைவு. கூடலூரில் இரவு தங்கினால், காலையில் பஸ் ஏறி ரெண்டு ஊரையும் பார்த்துவிட்டு பொழுது சாயும் முன் திரும்பிவிடலாம். நாங்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனோம். நாடுகாணி என்ற சந்தியில் ரோடு பிரிகிறது. ஒரு ரோடு நிலம்பூருக்கு இறங்குகிறது. மற்ற ரோட்டில் போனால் தேவாலா, அதற்கப்புறம் பந்தலூர், அப்புறம் சேரம்பாடி. ரோட்டின் ரெண்டு பக்கமும் தேயிலை. நம்ம ஆட்கள் ஒருத்தர் பஸ் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டிக்கோயா மாதிரியே இருக்கே, இதுக்கா பாஸ்போட்டு எடுத்து வந்தோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

தேவாலா சின்னக் கடைவீதிதான். தேத்தண்ணிக் கடை, மருந்துக் கடை, பஸ் நிற்கிற இடம், பள்ளிவாசல், கோயில். இங்கேயா தங்க வேட்டை நடந்தது என்று நம்ப மாட்டீர்கள். தங்கம் இருந்தது நிஜம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மலைகளின் உள்ளே வெள்ளைப் பாறை நரம்பு நரம்பாய் ஓடுகிறது. குவார்ட்ஸ் என்று சொல்வார்கள். அந்தப் பாறைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடியாய்த் தங்கம். மழையில் பாறை கரைந்து ஓடைகளில் வரும் மணலை, அங்கேயுள்ள பழங்குடி மக்கள் மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்து வந்தார்கள். குறும்பரும் பணியரும் வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே செய்த வேலை அது. நாள் முழுதும் முதுகு ஒடிய அலசினால் ஒரு சிட்டிகை கிடைக்கும். அதுவும் நிலச் சொந்தக்காரருக்குப் பங்கு கொடுத்த பிறகு.

1860களில் அவுஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிப் பழகின சில பேர் இந்தப் பக்கம் வந்து பாறையைத் தட்டிப் பார்த்தார்கள். 1874இல் அல்ஃபா என்ற கம்பனி தேவாலாவில் தொடங்கியது. அவர்கள் தோண்டிய ஒரு பாறை நரம்புக்கு 'மண்டையோட்டு நரம்பு' என்று பேர். அங்கிருந்த பழைய சுரங்கத்தில் மனித மண்டையோடுகள் கிடந்ததால் அந்தப் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மண்டையோடுகளுக்கு உரியவர்கள் யார், எந்தக் காலத்தில் யாருக்காகத் தோண்டினார்கள்? தங்கத்தின் கணக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. அந்தக் காலத்தில் வயநாட்டு மலைகளில் கோப்பிதான் பயிர். நம்ம நாட்டிலும் அதேதான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் பூஞ்சணம் விழுந்ததும், பிறகு இலங்கைக் கோப்பியே அழிந்ததும் நமக்குத் தெரிந்த கதை. அதே நோய் வயநாட்டுக்கும் போனது. அதோடு தண்டைத் துளைக்கும் வண்டும் சேர்ந்துகொண்டது. துரைமாருக்குக் கடன் கழுத்து வரைக்கும். தோட்டத்தை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில்தான் 'உன் கோப்பித் தோட்டத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது' என்ற பேச்சு கிளம்பியது. பட்ட கோப்பிச் செடி நிற்கிற காணியெல்லாம் ஒரே நாளில் தங்கக் காணி ஆகிவிட்டது!

இந்திய அரசாங்கம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. பேர் பிரஃப் ஸ்மைத். விக்டோரியாவில் சுரங்கத் திணைக்களத்தை நடத்திய பெரிய அதிகாரி. 1876இல் கீழே வேலை செய்கிறவர்களை அடக்கி ஒடுக்குகிறார் என்று முறைப்பாடு வந்து, விசாரணை நடந்து, பதவியை விட்டு விலகியவர். (துரைமார் எந்த நாட்டிலும் துரைமார்தான் போலிருக்கிறது.) அவர் 1879இல் வந்து மலை மலையாய் ஏறி, கல்லை எடுத்துச் சோதித்து, 1880இல் அறிக்கை கொடுத்தார். அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. அந்தக் காகிதம் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. ரெண்டு வருடத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் வயநாட்டுத் தங்கத்துக்கென்று இலண்டனில் தொடங்கப்பட்டன. பல இலட்சம் பவுண் பங்குப் பணம். நோய் பிடித்த கோப்பிக் காணிகளைக் கொள்ளை விலைக்கு அந்தக் கம்பனிகளின் தலையில் கட்டினார்கள். நடுவிலே நின்ற தரகர்கள் ஒரு கையால் வாங்கி மறு கையால் விற்றுப் பையை நிரப்பினார்கள். பங்கு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் வயநாட்டை வரைபடத்தில் கூடப் பார்த்திராதவர்கள்.

காட்டுக்குள்ளே திடீரென்று பட்டணம் முளைத்தது. பந்தலூரில் துரைமாருக்கு வீடுகளும் கடைகளும் எழும்பின. பாறையை இடிக்கிற யந்திரம் சீமையிலிருந்து கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து, மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். அந்த யந்திரம் எப்படி என்றால், நாம் உரலில் நெல் குத்துகிறோமே, அது போல வரிசையாக இரும்பு உலக்கைகள். அவை மேலே எழும்பி விழுந்து கல்லை மாவாக்கும். அந்த மாவைத் தண்ணீரில் ஓடவிட்டு, பாதரசத்தைப் போட்டுத் தங்கத்தைப் பிடிப்பார்கள். இரும்பை மலைக்கு ஏற்றவே முதலில் பாதி தீர்ந்தது. மிச்சத்தைத் துரைமார் சம்பளமும் பங்களாவும் தின்றன. காய்ச்சல் வேறு. வயநாட்டுக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் பெரிய துரைமாரே நடுங்குவார்கள். கூலியாளின் கதியை யார் எழுதி வைத்தார்கள்?

கல்லை இடித்துப் பார்த்தபோது ஒரு தொன்னுக்குச் சில கிராம் தங்கம்தான் வந்தது. நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு தொன்னில் மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண் சங்கிலிக்கு ரெண்டரைத் தொன்னுக்கு மேல் பாறையை உடைத்து, சுமந்து, அரைத்து, கழுவ வேண்டும். அந்தச் செலவுக்கு அந்தச் சங்கிலியைப் போல எத்தனை சங்கிலி விற்றாலும் காணாது. கம்பனிகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஒரு கல்லைக் கூட அரைக்காமலே மூடிய கம்பனியும் உண்டு. 1882 கழிவதற்குள் ஆட்டம் அடங்கிவிட்டது. பிறகும் ஒன்றிரண்டு பேர் விடாமல் தோண்டிப் பார்த்தார்கள். 1901இல் அரசாங்கத்தின் புவியியல் ஆய்வாளர்கள் வந்து எல்லாச் சுரங்கத்தையும் பரிசோதித்து, இலாபத்துக்குத் தோண்ட இங்கே வழியில்லை என்று எழுதிவிட்டார்கள். அதே காலத்தில் மைசூர்ச் சீமையில் கோலாரில் மட்டும் நல்ல நரம்பு கிடைத்தது. அங்கே நூறு வருடத்துக்கு மேல் தோண்டினார்கள், 2001இல் மூடும் வரைக்கும். ஆயிரக்கணக்கான தமிழாட்கள் அந்தப் பாதாளத்தில் இறங்கி வேலை செய்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாளைக்குச் சொல்ல வேண்டியது.

இதெல்லாம் நாங்கள் புத்தகத்திலும் பேச்சிலும் அறிந்தது. கண்ணால் பார்த்தது என்ன என்று கேட்பீர்கள்.

தேவாலாவில் எங்களுக்கு வழி காட்டியவர் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். மஸ்கெலியாவில் பிறந்தவர். 1972இல் பெற்றோருடன் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் பேச்சைக் கேட்டதும், "எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்?" என்றுதான் முதல் கேள்வி. தேத்தண்ணிக் கடையில் எங்களைக் காசு கொடுக்கவே விடவில்லை. "நம்ம நாட்டுப் பிள்ளைங்க வந்திருக்காங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். நம்ம நாடு என்று அவர் சொன்னது இலங்கையை. அங்கே போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரார் அவரை இன்னமும் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே இருந்த காலத்தில் 'இந்தியாக்காரன்' என்றார்களாம்.

அவரோடு மலைச்சரிவில் கொஞ்ச தூரம் நடந்தோம். புதருக்கு நடுவே ஒரு பொந்து. ஆள் குனிந்து போகலாம். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் வௌவால் நாற்றமும் வந்தன. பாறையில் உளி விழுந்த அடையாளம் நன்றாகத் தெரிகிறது. அதுதான் வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம். அந்த மலைகளில் இப்படி நிறைய உண்டாம். சிலது மூடிக் கிடக்கிறது, சிலது தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. வேலியில்லை. அந்த மலைகளின் கதை தெரியாதவன் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாலே காலை விட்டுவிடுவான்.

எங்களில் இளையவர் ஒருவர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். பெரியவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அதற்குக் காரணம் இருக்கிறது. தங்க விலை ஏற ஏற, இந்தப் பழைய சுரங்கங்களுக்குள் களவாகப் போய்த் தோண்டுகிற பழக்கம் அங்கே உண்டு. கூலி வேலை கிடைக்காத பையன்கள்தான் போகிறார்கள். கல்லை மூட்டையில் கட்டி வந்து, வீட்டுக்குப் பின்னால் அரைத்து, கையாலேயே பாதரசம் போட்டுப் பிசைந்து, அதை நெருப்பில் காட்டித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் நரம்பு தளரும், கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். அடுப்பங்கரையில் செய்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும்தான் முதல் கேடு. சுரங்கத்துக்குள்ளே காற்று இல்லாமல் மூச்சடைத்தோ மண் சரிந்தோ செத்தவர்களும் உண்டு. பொலிஸ் பிடிக்கிறது, வழக்குப் போடுகிறது, திரும்பவும் போகிறார்கள். அந்தப் பொடியை வாங்குகிறவன் கொடுக்கிற விலையைக் கேட்டால் நம்ம கொழுந்துக்கு ஸ்டோரில் கழிக்கிற கிலோவே தேவலை என்று ஆகிவிடும்.

பிறகு பந்தலூருக்குப் போனோம். இப்போது அது தாலுகாத் தலைநகர். கச்சேரி, ஆஸ்பத்திரி, பாடசாலை எல்லாம் உண்டு. தங்கக் கம்பனிக்காரன் விட்டுப்போன பட்டணத்தின் சுவடு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பட்டது டான்டீ. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பது என்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப் போகிறவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 1968இல் தமிழ்நாட்டு அரசாங்கம் நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசாங்கக் கம்பனி ஆனது. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று அதன் தோட்டங்கள் அந்தப் பக்கமெல்லாம் இருக்கின்றன.

அதாவது, தங்கக்காரன் விட்டுவிட்டு ஓடிய அதே மலைகளில், எண்பது தொண்ணூறு வருடம் கழித்து நம்ம ஆட்களைக் கொண்டு போய் இறக்கினார்கள். காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, குழி வெட்டி, கன்று வைத்தவர்கள் டிக்கோயாவிலும் பூண்டுலோயாவிலும் இருந்து அழுகைக் கோச்சியில் ஏறினவர்கள். வேலை தெரிந்த கை. யானைக் காடு, அட்டை, ஓயாத மழை. தமிழ்நாட்டிலேயே மழை அதிகமாகக் கொட்டுகிற இடங்களில் தேவாலாவும் ஒன்று. இலண்டன்காரனுக்கு மூணு வருடத்தில் அலுத்துப் போன மண்ணில் இவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கிறார்கள்.

நாங்கள் போன லயத்தில் ஒரு அம்மா மாசிச் சம்பல் அரைத்து ரொட்டி சுட்டுக் கொடுத்தார். மாசி எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "யாராவது வந்தா கொண்டாரச் சொல்லி வச்சிருக்கேன், சாமி" என்றார். சுவரில் காமன் கூத்துப் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். ரதி வேஷம் கட்டியிருந்தவர் அவருடைய மகன்.

ஆனால் அங்கேயும் ஒரு பெரிய கவலை இருக்கிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்து பேர் வெட்டியதும் வீட்டை விட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டைக் கொடுக்கும் வரை சேவைக்காலப் பணம் இழுபடுகிறது என்றும் சொன்னார்கள். எங்கே போவது? கம்பனி நட்டத்தில் ஓடியது. 2022இல் டான்டீயின் காணியில் ஒரு பகுதியை வனத்திணைக்களத்துக்குத் திருப்பிக் கொடுக்க அரசாங்கம் ஆணை போட்டதும், ஆட்கள் பயந்துவிட்டார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பின்னலாடைக் கம்பனிகளுக்குப் போய்விட்டார்கள்.

காணிப் பிரச்சினை அந்தப் பகுதி முழுக்கவே உண்டு. முந்தி அந்த மலைகள் நிலம்பூர்க் கோவிலகத்து ராஜாக்களின் ஜன்ம நிலம். 1877 வரைக்கும் அந்தப் பகுதி மலபார் ஜில்லாவில் இருந்தது, பிறகுதான் நீலகிரியோடு சேர்த்தார்கள். துரைமாரும் தங்கக் கம்பனிகளும் ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். 1969இல் ஜன்ம முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஆனால் எது தோட்டக்காரனுக்கு, எது காட்டுக்கு, எது குடியிருப்பவனுக்கு என்ற வழக்கு பல பத்து வருடமாக இழுத்தது. பட்டா இல்லாத வீட்டுக்குக் கரண்ட் எடுப்பதே பெரும்பாடு. நாமும் இங்கே ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரம் என்று எத்தனை வருடமாகக் கேட்டு வருகிறோம்! அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்டார்: "அங்க இருந்தவங்களுக்காவது வீட்டுக்கு உறுதி கெடச்சிருச்சா?" சில பேருக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னோம். எத்தனை பேருக்கு என்று அவர் விடவில்லை. கொஞ்சப் பேருக்கு என்றோம். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இனி, போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். உங்கள் தாத்தா, பாட்டன், பெரியம்மா யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால், போகும் முன் வீட்டிலுள்ள பழைய கடிதங்களைத் தேடி எடுங்கள். உறையின் மேல் டிவிசன் நம்பரும் தபாற்கந்தோர் பேரும் இருக்கும். அது போதும், அங்கே விசாரித்தால் காட்டிவிடுவார்கள். கடிதம் இல்லாதவர்கள், இங்கே எந்தத் தோட்டத்தில் பேர் இருந்தது, எந்த வருடம் கப்பல் ஏறினார்கள், யார் யாரோடு போனார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதை இப்போதே கேளுங்கள். எங்களோடு வந்த ஒருவர் அப்படித்தான் தன் சின்னாத்தாவைக் கொளப்பள்ளியில் கண்டுபிடித்தார். சிறு பிள்ளையில் எடுத்த குறூப் போட்டோ ஒன்று கையில் இருந்தது, அந்த அம்மாவிடமும் அதே போட்டோ இருந்தது. ரெண்டிலும் அதே ஆள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்.

இந்தியாவுக்கு விசா முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நிரப்ப வேண்டியதை எங்கள் காரியாலயத்துக்கு வந்தால் காசு வாங்காமல் நிரப்பித் தருவோம். வெளியில் தரகரிடம் போய் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். ஜூன் தொடக்கம் செப்தெம்பர் வரை போகாதீர்கள், மழை விடாது, ரோட்டில் மண் சரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. பொழுது சாய்ந்த பிறகு தோட்டப் பாதையில் நடக்கக் கூடாது, யானை நிற்கும். அங்கே ஆட்கள் யானையைப் பேர் சொல்லாமல் 'பெரியவர்' என்கிறார்கள். சுரங்கத்தை வெளியே நின்று பாருங்கள், உள்ளே வேண்டாம். போகும்போது மாசியும் கருவாடும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள். அட்டைக்கு அங்கேயும் நம்ம வைத்தியம்தான்: சவுக்காரமும் உப்பும்.